உருமாறும்போது அடிக்கக் கூடாது

எனக்கு வயது ஐம்பத்தொன்று. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்களுக்கு வயது நாலு, ஐந்து, மிஞ்சிப்போனால் ஏழு. இசொஹாமா கடைத்தெருவில் மாதம் இரண்டு ஞாயிறு நடக்கும் வெண்முள்ளங்கி வீரன் நிகழ்ச்சிக்கு மைக் பிடிக்கிறவள் நான்தான். மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறன்று மஞ்சள் சட்டை, வெள்ளைக் காலுறை, தலையில் முள்ளங்கி இலை மாதிரி ஒரு பச்சை நாடா. பதினாலு வருஷமாக இதே வேஷம். என் கணவர் ஒருமுறை, "இன்னும் எத்தனை நாளைக்கு அக்காவா இருக்கப்போற?" என்று கேட்டார். ஒரு வாரம் சோறு போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

வெண்முள்ளங்கி வீரன் தொலைக்காட்சியில் வருகிறவன் அல்ல. எங்கள் ஊர் முள்ளங்கிக்குப் பேர்போன ஊர். கடைத்தெருச் சங்கத்தார் கூடிப் பேசி, ஊருக்கு ஒரு வீரன் வேண்டும் என்று முடிவெடுத்து உண்டாக்கியவன் அவன். எதிரிகள் நத்தைப் படை. நத்தைத் தளபதியாக வருகிறவர் சலவைக்கடை தாகெமுரா. உருமாறுவதற்கு முந்தைய சாதாரண இளைஞனாக வருகிறவர் காய்கறிக்கடை ஷின்ஜி. இளைஞனுக்கு நாற்பத்திரண்டு வயது. அவர் கையை வீசி, பேரைக் கத்தி, புகை கிளம்பியதும் தட்டிக்குப் பின்னால் ஓடிவிடுவார். வீர உடுப்போடு அங்கே தயாராக நிற்கும் தபால்காரர் ஓகுமா வெளியே குதிப்பார். எங்கள் நாட்டில் நடிக்கத் தெரியாத நடிகனை முள்ளங்கி என்றுதான் திட்டுவார்கள். ஆகவே எங்களைப் புதிதாகத் திட்ட யாருக்கும் வழியில்லை.

அப்படியும் வழி கண்டுபிடித்தவர் நுமாட்டா சார். நான் சொல்ல வந்தது அவர் கதையை.

நுமாட்டா சார் நகராட்சியில் குடும்பப் பதிவுப் பிரிவின் தலைவர். பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, சாவு எல்லாமே அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மகன் பிறந்தபோது விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன் என்று இருமுறை என்னைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை போனபோது, தேதியைப் பென்சிலில் எழுதியிருந்தேனாம். இஸ்திரி போட்ட முகம். அப்படிப்பட்டவரை ஒரு ஞாயிறன்று எங்கள் கூட்டத்தின் கடைசி வரிசையில், ஒரு கையில் நோட்டும் மறு கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரமுமாகப் பார்த்தேன். நகராட்சி எங்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்போகிறது என்றே நினைத்து, அன்றைக்கு இரண்டு இடத்தில் வசனத்தைக் கோட்டைவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓர் அஞ்சலட்டை வந்தது.

"பிளம் மரங்கள் மொட்டுவிடும் இந்நாளில் குழுவினர் யாவரும் நலமென நம்புகிறேன். சென்ற ஞாயிறு உருமாற்றம் பதினைந்து வினாடி எடுத்தது. பன்னிரண்டைத் தாண்டினால் குழந்தைகள் மூக்கைத் தோண்டத் தொடங்குகிறார்கள் (ஒன்பது பேர்). வலது கை வானைக் காட்டிய பிறகு இடது கை மண்ணைக் காட்ட வேண்டும். முள்ளங்கி மண்ணுக்குள் வளர்வது. காய்கறிக்கடைக்காரரே இதை மறந்தது வருத்தத்துக்குரியது. மேலும், வீரன் உருமாறிக்கொண்டிருக்கும்போது இடமிருந்து இரண்டாவது நத்தை முதுகைச் சொறிந்தது. கெட்டவர்களுக்கும் ஒரு முறை உண்டு."

இடமிருந்து இரண்டாவது நத்தை, நூடுல்ஸ் கடை ஃபுகுயோ. அட்டையைப் படித்ததும் குதித்தாள். "அவரு வந்து ஒரு நாள் இந்தத் தோலுக்குள்ள நின்னு பாக்கட்டும்! முதுகு மட்டுமா அரிக்குது? வெளிய சொல்ல முடியாத இடமெல்லாம் அரிக்குது!" என்றாள். ஆனால் அடுத்த நிகழ்ச்சியில் சிலை மாதிரி நின்றாள். ஷின்ஜியின் இடது கை மண்ணைக் காட்டியது. பிள்ளைகள் என்றைக்கும் இல்லாத கூச்சல் போட்டார்கள். அன்றுமுதல் ஒன்பது வருஷம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் அட்டை. திட்டிக்கொண்டேதான் படிப்போம். படித்துவிட்டுத் திருத்திக்கொள்வோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் பக்கத்துக் காபிக்கடையில் உட்காருவோம். மூன்றாம் வருஷத்திலிருந்து அவரும் வந்து உட்கார்ந்தார். காபி குடிக்க மாட்டார். மேலே ஐஸ்கிரீம் மிதக்கும் பச்சை சோடா. ஐம்பதைத் தாண்டிய பதிவுப் பிரிவுத் தலைவர் அதை உறிஞ்சிக்கொண்டே பேசுவதைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுகிறவர் அங்கே மூச்சு விடாமல் பேசுவார்.

சலவைக்கடை தாகெமுராவுக்கு அமெரிக்கப் படக்கதைகள் மேல் உயிர். வேண்டுமென்றே கிளறுவார். "என்ன இருந்தாலும் சார், அமெரிக்கக்காரன் வீரனே வேற. ஒரு சந்துக்குள்ள போறான், வெளிய வரான், வீரன். நம்மாளு மாதிரி கையை ஆட்டி, காலை ஆட்டி, ஊரைக் கூட்டறதில்ல."

"அது உருமாற்றம் இல்லீங்க, உடுப்பு மாத்தறது," என்பார் நுமாட்டா சார். "மறைவாப் போயி மாத்திக்கிட்டு வர்றதுக்கு வீரன் எதுக்கு? நான் குளிக்கிற அறையில தினம் அதைத்தான் பண்றேன். எதிரி முன்னாடி நிக்கணும். நான் இன்னார், இப்ப இன்னாரா மாறப்போறேன், பாத்துக்கோன்னு சொல்லணும். அதுக்குப் பேருதான் உருமாற்றம்."

"அப்ப அந்தப் பொம்பளப் பிள்ளைங்க உருமாறுற கார்ட்டூன்? வாராவாரம் அதே படத்தைத் திருப்பித் திருப்பிப் போடறான். வரையற சோம்பேறித்தனம்."

"நீங்க கோயில்ல கை தட்டிக் கும்பிடறப்போ, போன வாரம் ரெண்டு தடவை தட்டினேன், இந்த வாரம் புதுசா நாலு தடவை தட்டறேன்னு தட்டுவீங்களா? அதேமாதிரி வர்றதுதான் அதுல விசேஷம். குழந்தைங்க அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுதான் பாக்குதுங்க. தெரிஞ்சது அப்படியே வந்துட்டா, இன்னிக்கும் உலகம் சரியா இருக்குன்னு நிம்மதி."

தாகெமுரா வாயை மூடிக்கொள்வார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. ஏனென்றால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். நுமாட்டா சார் வீட்டிலிருந்து கிளம்பும்போது மீன்பிடிக்கிறவர்கள் போடும் பல பைகள் வைத்த மேலங்கி, தொப்பி, தோளில் தூண்டில் உறை. கடைத்தெருப் பொதுக் கழிப்பறைக்குள் போவார். வெளியே வரும்போது சாதாரணச் சட்டை, கையில் நோட்டு. திரும்பும்போது மறுபடியும் கழிப்பறை, மறுபடியும் மேலங்கி, அப்புறம் மீன்கடையில் ஒரு மீன். பிள்ளைகள் அவரை நோட்டு மாமா என்பார்கள். கழிப்பறை வாசலில், "நோட்டு மாமா உருமாறிட்டாரு!" என்று கத்துவார்கள்.

"ஏன் சார்," என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "நீங்க மட்டும் அமெரிக்காப் பாணியா?"

சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். காது வரை சிவந்துவிட்டது. பிறகு, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், சிஹாரு. எட்டு வயதில், பெற்றோர் வந்து பின்னால் நின்று பார்க்கும் வகுப்பு நாளில், 'என் அப்பா' என்று கட்டுரை வாசித்திருக்கிறாள். என் அப்பா தினமும் காலையில் கண்ணாடி முன்னால் உருமாற்றம் செய்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாள். வகுப்பு சிரித்தது. பின்னால் நின்ற பெற்றோரும் சிரித்தார்கள். அதுதான் பிள்ளையை உடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "இனிமே யாருக்கும் தெரியக் கூடாதுப்பா, விட்டுடுப்பா" என்று அழுதாள். விட்டுவிட்டேன் என்றார். பொம்மைகள், படக்கதைகள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயின. அடுத்த ஞாயிறு தூண்டில் வாங்கினார்.

"வீட்டுல தெரியாதா?"

"பொண்டாட்டிக்குத் தெரியும். ஒரு தடவை நான் 'பிடிச்சுட்டு வந்த' மீன்ல கடை ஸ்டிக்கர் இருந்துச்சு. பேசாம பிச்சுப் போட்டுட்டு வறுத்தா. சிஹாருவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு வக்கணை பேசுகிற மனுஷன் மகளுக்குப் பயந்து கழிப்பறையில் உடுப்பு மாற்றுகிறாரே என்று.

இனிச் சொல்லப்போவது நடந்தது போன இலையுதிர்காலத்தில். வியாழக்கிழமை கண்ணாடிக் கடைக்கு வந்தார். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் நிகழ்ச்சிக்கு வரமாட்டேன்," என்றார். "சிஹாருவுக்குக் கல்யாணம் பேசறாங்க. ரெண்டு வீட்டாரும் உங்க தெருவுல விலாங்குமீன் கடையில சாப்பிடறோம். மாப்பிள்ளையோட அப்பா மிசோகுச்சி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியரா இருந்து ஓய்வானவரு. மூங்கில் வாள் சண்டை சொல்லிக் குடுக்கறவரு. ரொம்பக் கண்டிப்பு. என்னை எங்கயாவது பார்த்தா..."

"தெரியாத மாதிரி இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவருக்கு மீன்பிடிக்கிறதுதான் உயிராம்," என்றார் நுமாட்டா சார். என் வாழ்நாளில் அவ்வளவு துயரமான குரலை நான் கேட்டதில்லை.

விலாங்குமீன் கடையில் நடந்ததை அவர் மனைவி தொமோயோ பின்னால் சொன்னாள். மிசோகுச்சி உட்கார்ந்ததிலிருந்து மீன் பேச்சுத்தானாம். எந்தப் பாறையில் நிற்பீர்கள், என்ன இரை போடுவீர்கள், போன வாரம் எங்கள் வீட்டுக்கு நீங்கள் பிடித்து அனுப்பிய மீன் எத்தனை நேரம் இழுத்தது? "ரொம்ப நேரம் வரிசையில... அதாவது, வரிசையா அலை வந்துச்சு," என்றாராம் நுமாட்டா சார். தொமோயோ இருமுகிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாளாம். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில், மாப்பிள்ளையின் அண்ணன் மகள், ஐந்து வயதுக் குட்டி, ஜன்னல் வழியாக எங்கள் மேடையைப் பார்த்துவிட்டது. வீரனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று காலை உதைத்தது. மொத்த சம்பந்தி வீட்டாரும் எழுந்து வந்தார்கள்.

மேடையிலிருந்து பார்த்தேன். முதல் வரிசையில், கறுப்புக் கோட்டும் வெள்ளிநிற டையுமாக நுமாட்டா சார். பக்கத்தில் வாளையே முதுகெலும்பாக விழுங்கியவர் போல நிமிர்ந்து மிசோகுச்சி. அந்தப் பக்கம் சிஹாருவும் மாப்பிள்ளையும். பிள்ளைகள் சும்மா இருக்குமா? "நோட்டு மாமா! இன்னிக்கு ஏன் முன்னாடி உக்காந்திருக்க?" என்றது ஒன்று. "நோட்டு எங்க?" என்றது இன்னொன்று. நுமாட்டா சார் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாக மைக்கில், "எல்லாரும் அமைதி! நத்தைப் படை வருது!" என்று கத்தி நத்தைகளை இரண்டு நிமிஷம் முன்னதாகவே மேடை ஏற்றினேன். ஃபுகுயோ இன்னும் நத்தைத் தலையை மாட்டியிருக்கவில்லை. கழுத்துக்கு மேல் நூடுல்ஸ் கடைக்காரியாகவே ஓடிவந்தாள்.

அன்றைக்கு விதி வேறு ஒரு வேலையும் பார்த்து வைத்திருந்தது. வீரனின் வெள்ளை உடுப்பை வருஷத்துக்கு ஒருமுறை துவைப்போம். துவைப்பவர் தாகெமுரா. அந்த வாரம் வெந்நீரில் போட்டுவிட்டார். பதினாலு வருஷமாக நத்தைத் தளபதியால் முடியாததைச் சலவைக்கடைக்காரர் ஒரே துவைப்பில் செய்து முடித்தார்.

உடுப்பு சுருங்கிப்போனது மேடையில் எங்கள் யாருக்கும் தெரியாது. ஷின்ஜி வலது கையால் வானைக் காட்டி, இடது கையால் மண்ணைக் காட்டி, "மண்ணே வா! வெண்முள்ளங்கி வீரன்!" என்று கத்தினார். புகை கிளம்பியது. ஷின்ஜி ஓடினார். தளபதியும் நத்தைகளும் வழக்கப்படி அசையாமல் நின்றார்கள். புகை கலைந்தது. வீரன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஷின்ஜியின் குரல் கிசுகிசுத்தது. "அக்கா, ஜிப் ஏறல. ஓகுமா பாதிதான் உள்ள போயிருக்காரு. அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க."

அஞ்சு நிமிஷம்! பிள்ளைகள் கூட்டத்தில் அஞ்சு நிமிஷம் என்பது ஒரு யுகம். "வீரனுக்கு நம்ம குரல் கேக்கல போல! எல்லாரும் சேர்ந்து கூப்பிடலாமா?" என்றேன். கூப்பிட்டார்கள். வரவில்லை. "இன்னும் சத்தமா!" வரவில்லை. மூன்றாம் முறை குரல்கள் மெலிந்துவிட்டன. நான் கை தட்டவைத்தேன், எழுந்து குதிக்கவைத்தேன், ஊர் முள்ளங்கியின் நன்மைகளைச் சொன்னேன். நீரிழிவுக்கு நல்லது என்றுகூடச் சொன்னேன், ஐந்து வயதுப் பிள்ளைகளிடம்.

தளபதி தாகெமுராவின் பாடு இன்னும் மோசம். அடிக்கவும் முடியாது, போகவும் முடியாது. எதிரி உருமாறிக்கொண்டிருக்கிறான், அதுவரை அசையக் கூடாது. ஒற்றைக் கையைத் தூக்கியபடி உறைந்து நின்றார். கை நடுங்க ஆரம்பித்தது. தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "அக்கா, நான் வெந்நீர்ல போட்டுட்டேன் அக்கா," என்று அழுகிற குரல் மட்டும் வந்தது.

அப்போதுதான் மிசோகுச்சி வாயைத் திறந்தார். நாற்பது வருஷம் பள்ளி மைதானத்தில் பழகிய குரல், மைக் வேண்டாம்.

"எதிராளி ஆளையே காணோம். அந்த நத்தை எதுக்கு மரம் மாதிரி நிக்குது? உள்ள புகுந்து ஒரு போடு போட்டா வேலை முடிஞ்சுதே!"

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவருடைய பேத்தி உதட்டைப் பிதுக்கி, "வீரன் பயந்து ஓடிட்டானா தாத்தா?" என்றது. பக்கத்தில் ஒரு பையன் அழ ஆரம்பித்தான். ஒன்று அழுதால் போதுமே. வரிசையாகத் தொற்றிக்கொண்டது. பதினாலு வருஷத்தில் முதல் முறையாக என் கையிலிருந்த மைக் கனத்தது. எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

நுமாட்டா சாரைப் பார்த்தேன். உதவிக்காகப் பார்க்கவில்லை, கண் தானாக அங்கே போனது. அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்துவிடாமல் தன்னைத் தானே பிடித்து வைத்திருப்பவர் மாதிரி. ஒருமுறை மகளைப் பார்த்தார். ஒருமுறை அழுகிற பிள்ளைகளைப் பார்த்தார். அப்புறம் எழுந்தார்.

"மன்னிக்கணும்," என்றார் மிசோகுச்சியிடம், இடுப்பு வரை குனிந்து. "நீங்க சொல்றது தப்பு."

மிசோகுச்சியிடம் அப்படி யாரும் சொல்லிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"நோட்டு மாமா!" என்று பிள்ளைகள் அலறின. நுமாட்டா சார் நடந்து வந்து மேடை ஏறினார். கையை நீட்டினார். மைக்கைக் கொடுக்கத்தான் போனேன். ஆனால் எங்கள் மேடைக்கு ஒரு வழக்கம் உண்டு; நல்லவனோ கெட்டவனோ, ஏறுகிறவன் முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தில் ஓட்டை விழுந்தபோதெல்லாம் அஞ்சலட்டை போட்டவர் அவர்தான். கொஞ்சம் கொடுமைதான், ஆனாலும் கேட்டேன்.

"மேடையில யாரு? பேரைச் சொல்லணும்!"

குதிகால்களைச் சேர்த்து நின்றார்.

"இசொஹாமா நகராட்சி, குடும்பப் பதிவுப் பிரிவு, நுமாட்டா தெட்சுவோ! வயசு ஐம்பத்தி நாலு! சின்ன வயசுலேருந்து உருமாறும் வீரர்களோட ரசிகன்! இன்னிவரைக்கும்!"

நகராட்சிக்காரர்கள் இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள்; ஒருத்தர் கையிலிருந்த வறுத்த பலகாரம் கீழே விழுந்தது. நான் சிஹாருவைத் தேடினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள்.

"வீரன் ஓடிட்டான்னு யாரோ சொன்னாங்க," என்றார் நுமாட்டா சார். "முள்ளங்கி எங்கயாவது ஓடிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல!"

"விதை போட்டா முள்ளங்கி வர்றதுக்கு எத்தனை நாள் ஆகும்? ஷின்ஜி அண்ணன் கடையில கேளுங்க. அறுபது நாள். வீரன் அதை அஞ்சு நிமிஷத்துல முடிக்கப் பாக்கறாரு. நாம அவசரப்படலாமா? இப்ப இலை வந்தாச்சு. கழுத்து வந்தாச்சு. இடுப்புக்கிட்டதான் கொஞ்சம் கஷ்டம், முள்ளங்கிக்கு அங்கதான் பருமன்."

தட்டிக்குப் பின்னால், "உண்மைதான்," என்று ஓகுமாவின் முனகல் கேட்டது.

அழுத பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "அப்ப தளபதி ஏன் அடிக்கல?"

நுமாட்டா சார் பையனுக்குச் சொல்லவில்லை. முதல் வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல கேள்வி. மாறிட்டிருக்கற ஆளு அந்த நேரத்துல பழைய ஆளும் இல்ல, புது ஆளும் இல்ல. அப்ப அடிச்சா, நீங்க யாரை ஜெயிச்சீங்க? யாரையும் இல்ல. தளபதி கெட்டவருதான். ஊர் முள்ளங்கியெல்லாம் தின்னவருதான். ஆனா அவருக்கும் ஒரு மானம் இருக்கு. வெண்முள்ளங்கி வீரனை நேருக்கு நேரா ஜெயிச்சேன்னு சொல்லிக்கணும். அதுக்கு வீரன் முழுசா வந்தாகணும். பாருங்க, கை எப்படி நடுங்குது! வலிக்குது. ஆனாலும் இறக்கல. இந்த ஊர்லயே பொறுமையான ஆளு இன்னிக்கு அவருதான்."

தாகெமுரா தளபதிக் குரலில், "ஆமாம்! காத்திருக்கிறேன்! எத்தனை நேரமானாலும் காத்திருக்கிறேன்!" என்று முழங்கினார். பிள்ளைகள் தளபதிக்குக் கை தட்டின. எங்கள் வரலாற்றில் நத்தைக்குக் கை தட்டியது அதுவே முதல் முறை. ஃபுகுயோ கண்ணைத் துடைக்கப் போய், அசையக் கூடாது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஓகுமா வந்தேவிட்டார். முதுகில் ஜிப் பாதி திறந்தபடி, அதை மறைக்கச் சங்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு. யாருக்கும் முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே சண்டை போட்டார். நுமாட்டா சார் விடவில்லை. சண்டை முழுக்க வர்ணனை சொன்னார். "இன்று பக்கவாட்டுத் தாக்குதல்! ஈர மண்ணில் மட்டும் வரும் அரிய முறை!" பிள்ளைகள் நம்பின. நானே கொஞ்சம் நம்பினேன்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். நுமாட்டா சார் மிசோகுச்சியின் முன்னால் குனிந்த தலை நிமிராமல் நின்றிருந்தார். சுற்றிலும் குடும்பம்.

"மீன்பிடிக்கிறது?" என்றார் மிசோகுச்சி.

"பொய்ங்க."

"போன வாரம் அனுப்பின மீன்?"

"அதோ, அந்தக் கடை."

"நல்லா இருந்துச்சு."

"நல்ல மீன்தான் வைப்பாங்க."

மிசோகுச்சி அந்த மீன்கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எதிராளி வணக்கம் சொல்லி நிமிரறதுக்குள்ள வாளை வீசினவனை நான் பயிற்சிக்கூடத்தை விட்டே அனுப்பியிருக்கேன். நாற்பது வருஷத்துல மூணு பேரு. இன்னிக்கு என் பேத்திக்கு முன்னாடி நானே அடின்னு கத்தினேன்." அவரும் குனிந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்ததில், யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். தொமோயோதான் பிடித்து நிமிர்த்தினாள்.

ஆனால் நுமாட்டா சார் அவரைப் பார்க்கவில்லை. அவர் பயந்தது ஒரே ஆளுக்குத்தான். சிஹாரு முன்னால் வந்தாள். முகம் வீங்கிச் சிவந்திருந்தது.

"விடவே இல்லையாப்பா?"

"இல்ல. மறைச்சு வச்சுட்டேன். இன்னிக்கு உன் மாமனார் வீட்டுக்கு முன்னாடி... மன்னிச்சுரும்மா."

"எட்டு வயசுல சொன்னதுப்பா அது! பதினெட்டு வருஷமா தூண்டிலைத் தூக்கிட்டு அலைஞ்சியா?"

"ரத்து பண்ணச் சொல்லி நீ ஒண்ணும் சொல்லலியே."

"எட்டு வயசுப் பிள்ளை குடுத்த மனு செல்லாது. உன் ஆபீஸ்லயே வாங்க மாட்டீங்க."

"மனுன்னா வாங்கியிருக்க மாட்டேன்," என்றார் நுமாட்டா சார். "நீ அழுதியேம்மா."

அதைக் கேட்டதும் சிஹாரு மறுபடியும் ஓவென்று அழுதாள், எட்டு வயதுப் பிள்ளை மாதிரியே. நுமாட்டா சார் பதறிப்போய், "சரிம்மா, சரிம்மா, இனிமே வரலை, நிஜமாவே விட்டுடறேன்," என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"நீ மட்டும் இதை விட்டியோ, பாரு!" என்று அவள் அவர் கோட்டைப் பிடித்து உலுக்கினாள்.